துரைசானிப் பெட்டியைச் செய்தவள்

பரங்கித்திட்டில் எந்தப் பொருளும் தன்பாட்டுக்குக் கிடந்துவிட முடியாது. இடிந்த கிணற்றுக்கு ஒரு துரை வேண்டும், வளைந்த புளியமரத்துக்கு ஒரு துரை வேண்டும், கடலோரம் பொறுக்கிய ஓட்டாஞ்சில்லுக்குக்கூடக் கப்பலில் வந்த ஏதோ ஒரு துரையின் பெயரை ஒட்டி வைத்தால்தான் அந்த ஊர்க்காரர்களுக்குச் சோறு இறங்கும். ஒரு கோட்டைச் சுவரும், அதில் அசுத்தம் செய்யாதீர் என்று எழுதிய ஒரு பலகையும், அந்தப் பலகைக்கு அடியிலேயே போய் நின்று அசுத்தம் செய்துவிட்டு, கைலியைச் சரிசெய்துகொண்டே வெளியூர்க்காரர்களிடம் கோட்டையின் பெருமையைச் சொல்லத் தொடங்குகிற ஆண்களும் அந்த ஊரின் சொத்து.

அப்படிப்பட்ட ஊரில், பெண்கள் பள்ளியில் காலமெல்லாம் இறைவணக்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அமலோற்பவம் டீச்சருக்கு, பிள்ளையில்லாத சித்தி ஒருத்தி மாதாகோயில் தெரு வீட்டை எழுதிவைத்துவிட்டுச் செத்துப்போனாள். வீட்டின் நெல் அறையில் கோணிக்குள் ஒரு பெட்டி கிடந்தது. ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய தட்டையான மரப்பெட்டி, மேலே துருப்பிடித்த கம்பிகள், கம்பிகளைத் தட்டுவதற்கு இரண்டு வளைந்த கோல்கள். வடக்கே சந்தூர் என்று ஒன்றை மடியில் வைத்துத் தட்டுவார்களே, அதன் முரட்டு அக்கா மாதிரி இருந்தது. பக்கவாட்டில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இரண்டு பரங்கி எழுத்துகள் சுட்டிருந்தன. ஊரில் எல்லோருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றிக் கேள்விஞானம் உண்டு. துரைசானிப் பெட்டி என்பார்கள்.

ஊரின் பாரம்பரியக் காப்புக் குழுவுக்குத் தலைவர் பேராசிரியர் வித்தியாபதி. ஓய்வு பெற்றவர், எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்பவர். பெட்டியைப் பார்க்க வந்தவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதன் வரலாற்றைச் சொல்லி முடித்துவிட்டார். ஹோல்ட் துரை என்ற கம்பெனிக் கேப்டன், விஷக்காய்ச்சலில் கிடந்த தன் மனைவிக்காக, தன் நாட்டு மரத்தை வரவழைத்து, தன் கையாலேயே இழைத்துச் செய்த காதல் காணிக்கை அது. துரைசானி அதை வாசித்தபடியே உயிரை விட்டாள்.

"அடியில வரிசையா ஓட்டை இருக்கே சார்," என்றாள் அமலோற்பவம்.

"அது நாதத் துவாரம்மா."

"எல்லாத்தையும் குங்கிலியப் பிசின் வச்சு அடைச்சிருக்கு."

"ஐரோப்பிய நுணுக்கம்," என்றார் வித்தியாபதி, கண்ணைத் திறக்காமலே.

அமலோற்பவத்துக்கு மனம் ஆறவில்லை. அவள் பெட்டியை மோந்து பார்த்தாள்; மரத்தில் மீனெண்ணெய் வாடை அடித்தது. காதல் காணிக்கையில் மீனெண்ணெய் எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். அங்கே எல்லோரும் ஃபைபர் படகுக்காரர்கள், மரத்தைப் பற்றிக் கேட்டால் சிரித்தார்கள். மாதாகோயிலில் கேட்டாள், பழைய பங்குச்சாமியார் ஒருவர் செய்தது என்றார்கள். நகைக்கடைக்காரர் தன் பாட்டனார்தான் கம்பி இழுத்துக் கொடுத்தது என்றார், பல் டாக்டர் தன் முப்பாட்டனார் அதைத் தலையில் சுமந்து கப்பலிலிருந்து இறக்கியதாகச் சொன்னார், ஆளாளுக்கு அந்தப் பெட்டியில் தங்கள் வம்சத்தின் விரலை எங்காவது ஒட்டவைத்துக்கொண்டார்கள், ஆனால் அந்த ஓட்டைகளைக் குனிந்து பார்க்க மட்டும் ஒருவருக்கும் இடுப்பு வளையவில்லை. கடைசியில் அவளே பித்தளைக் கம்பி வாங்கிவந்து, பழையதை உருவிவிட்டுப் புதிதாக ஏற்றினாள்.

கடைசிக் கம்பியை முறுக்கிவிட்டுக் கோலால் ஒரு தட்டுத் தட்டியபோது, காலராவில் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்ட அருளாயி கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தொட்டித் தண்ணீரை மொண்டு காலைக் கழுவிக்கொண்டாள், முந்தானையில் முகத்தைத் துடைத்தாள், உள்ளே வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தாள். நாற்பது வயசு இருக்கும், கட்டை குட்டையான உடம்பு, காது பாம்படத்துக்குத் தொங்கிப்போய்ப் பாம்படம் இல்லாமல் ஆடியது.

"கம்பி ஏத்துனது நீயா?"

"ஆமா."

"கண்ணு தெரியுமா உனக்கு?"

"கண்ணாடி போட்டாத் தெரியும்," என்றாள் அமலோற்பவம்.

"அப்பப் போட்டுக்கிட்டு வா. நான் செஞ்ச பெட்டிய நாசம் பண்ணி வச்சிருக்க."

அமலோற்பவம் கண்ணாடியை எடுக்கப் போனவள், போகிற வழியில் உலையில் இன்னொரு பிடி அரிசியும் போட்டுவிட்டு வந்தாள்.

செத்தவள் ஒருத்தி வந்திருக்கிறாள் என்பதைப் பரங்கித்திட்டு அன்று மத்தியானத்துக்குள் ஜீரணித்துவிட்டது. வார்டு கவுன்சிலர் வந்து ஓட்டு எந்த வார்டில் என்று கேட்டுப் போனார், ரேஷன் கடைக்காரர் கைரேகை விழுமா என்று சோதித்துப் பார்த்தார், கோயில் உபதேசியார் அவள் ஏற்கெனவே சாகும்போது அவஸ்தைப்பூசுதல் எண்ணெய் வாங்கியிருந்தால் மறுபடி வாங்க வேண்டுமா என்று ஆயரிடம் கேட்பதாகச் சொல்லிவிட்டுக் கேட்க மறந்துபோனார். அடுத்த தெருப் பெண்கள் மரவள்ளிக் கிழங்கும் கருவாட்டுக் குழம்புமாக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள், தங்கள் கொள்ளுப்பாட்டன்களைப் பற்றி விசாரித்தார்கள், ஏனென்றால் பரங்கித்திட்டில் செத்துப்போன எல்லோருமே கப்பல் வைத்திருந்தவர்கள், துரைமாருக்கு மொழிபெயர்த்த துபாஷாக இருந்தவர்கள், துரைக்குச் சமமாக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்.

அருளாயி கிழங்கைத் தின்றுகொண்டே நினைவில் இருந்ததைச் சொன்னாள். நகைக்கடைக்காரரின் பாட்டன் கோழி திருடிக் கட்டிவைக்கப்பட்டவன். பல் டாக்டரின் முப்பாட்டன் தலையில் சுமந்தது துரைமாரின் கக்கூஸ் பீங்கான், அதுவும் இரண்டாம் நாளே உடைத்துவிட்டான். துபாஷ் பரம்பரை என்று ஒரு வீட்டின் வாசலில் கல்வெட்டே இருந்தது. அந்தத் துபாஷுக்குத் தெரிந்த பரங்கி வார்த்தை ஒன்றே ஒன்று, அதையும் அவனைத் திட்டும்போது துரை சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொண்டான். மறுநாளிலிருந்து மரவள்ளிக் கிழங்கு வரவில்லை. செத்தவள் திரும்பி வந்ததில் ஊருக்கு ஒரு குறையும் இல்லை. அவளுக்கு ஞாபகசக்தி இருந்ததுதான் குறை.

பெட்டியை எப்படிச் செய்தாள் என்பதைக் குழுவின் கூட்டத்தில் சொல்லும்படி வித்தியாபதி அழைத்தார். அமலோற்பவமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனாள். அருளாயி நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டாம் முறை கேட்காதபடிக்குச் சத்தமாகவே சொன்னாள்.

அவள் அப்பன் படகு தைப்பவன். ஆணி அடிக்காமல், பலகைக்குப் பலகை ஓட்டை போட்டுக் கயிற்றால் தைத்து மீனெண்ணெய் பூசுகிற படகு. அலைக்கு வளைந்து கொடுக்கும், கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். மகளுக்கும் அந்த வேலை கைவந்தது. அவளுக்குச் சீதனமாக ஒரு படகு தைத்துக் கொடுத்துவிட்டு அப்பன் செத்தான், படகை ஓட்டியவன் புருஷன் சந்தியாகு. நல்ல நிறம், நல்ல குரல், அவன் பேசினால் கரைக்கு வந்த அலைகூட ஒரு நிமிஷம் நின்று கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். அவன் விறகுக்கடைக்காரன் விதவையோடு பினாங்குக்குக் கப்பல் ஏறினான், போகும்போது படகைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினான்.

"என்னப் பத்தி ஒண்ணும் சொல்லி அனுப்பல," என்றாள் அருளாயி. "படகப் பத்திதான்."

அவள் கோடரியை எடுத்துக்கொண்டு போய்ப் படகைப் பிளந்தாள். ஆத்திரம் அடங்கவில்லை. அப்போது அவள் துரைசானி வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். துரைசானி தன் ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பிப் பெட்டி உப்புக்காற்றில் வாய்பிளந்து குப்பைமேட்டுக்கு வந்துவிட்டது, அருளாயி அதன் கம்பிகளையும் முளைகளையும் பிடுங்கிக்கொண்டு, அளவையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பிளந்த பலகையில் ஒரு பெட்டி செய்தாள். தையல் ஓட்டைகளைக் குங்கிலியம் காய்ச்சி அடைத்தாள். சந்தியாகுவின் துடுப்பை நெடுகப் பிளந்து இரண்டு கோல்கள் சீவினாள். பிறகு தினமும் துணி காயப்போட்டுவிட்டு, துரைசானி வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, அவன் படகை அவன் துடுப்பாலேயே அடித்தாள்.

"பாட்டு எதுவும் இல்ல. அடிதான். அடிக்க அடிக்க அது பாட்டு மாதிரி ஆயிப்போச்சு. துரைசானி மாடியிலருந்து கேட்டா, நல்லாருக்குன்னு எடுத்துக்கிட்டுப் போய் அவ எழுத்தப் போட்டுக்கிட்டா. நான் அந்த வருஷமே வாந்தியும் பேதியுமாப் போய்ச் சேந்துட்டேன்."

 குழுவினர் யாருக்கும் அவள் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை, அதுதான் அவர்களை வேதனைப்படுத்தியது. ஒரு துரையின் காதல் இருந்த இடத்தில் ஒரு துணிதுவைக்கிறவளின் ஆத்திரம் வந்து உட்கார்ந்துகொண்டால், சுற்றுலாத் துறைக்காரர்களிடம் என்னவென்று சொல்வது?

"உங்க சொல்லுக்குச் சான்று ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் வித்தியாபதி.

"நானேதானே வந்து உக்காந்துருக்கேன்."

"நீங்க வாய்மொழி வரலாறும்மா. அது துணைச் சான்றுதான்."

அருளாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திருப்பி அடிப்பலகையைக் காட்டினாள், ஓட்டைகளைக் காட்டினாள், ஒரு கயிற்றை எடுத்துப் பலகை தைக்கிற முடிச்சைப் போட்டுக் காட்டினாள், கம்பிகளைச் சரிசெய்து கோல்களால் அடித்தும் காட்டினாள்.  காலமெல்லாம் ஹார்மோனியத்தை அமுக்கி அமுக்கிச் சாந்தமான பாட்டுகளையே சொல்லிக்கொடுத்த அமலோற்பவம், கோபம் இவ்வளவு சுத்தமாகச் சுருதி சேரும் என்று அன்றுதான் கேட்டாள். குழுவினர் தங்களுக்குள் குசுகுசுத்துவிட்டு, வாசிக்கத் தெரிந்தது செய்ததற்கு அத்தாட்சி ஆகாது என்று தீர்மானம் போட்டார்கள்.

அந்தச் சத்தம் பினாங்கு வரை போயிருக்க வேண்டும். அந்த வாரமே காலைப் பேருந்திலிருந்து வெள்ளைக் கோட்டும் வேட்டியும் தொப்பியுமாகச் சந்தியாகு இறங்கினான். அங்கே கல்லறையில் படுத்திருந்தவனுக்குத் தன் படகு முனகுவது கேட்டதாம், எழுந்து வந்துவிட்டானாம். பேருந்து நிறுத்தத்திலேயே டீக்கடைக்காரர் அவனுக்கு நாற்காலி போட்டார். அருளாயி வந்தபோது அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பெட்டியைச் செய்தது யார் என்று அவனைக் கேட்டார்கள். அவன் கேட்டவர்களின் முகங்களைப் பார்த்தான், அந்த முகங்களில் என்ன எழுதியிருந்ததோ அதை அப்படியே வாசித்தான்.

"நான்தான்," என்றான். "வேற யாரு? பொழைக்கக் கடல் தாண்டிப் போக வேண்டி வந்துச்சு. நான் இல்லாத நேரத்துல என் பொஞ்சாதிக்குத் துணையா இருக்கட்டும்னு, என் படகையே பிரிச்சு, என் கையால செஞ்சு குடுத்துட்டுப் போனேன்."

ஒருவரும் சான்று கேட்கவில்லை. வித்தியாபதி கண்ணை மூடிக்கொண்டு, இத்தனை காலம் தான் உள்ளுணர்வால் அறிந்திருந்தது இதுதான், துரை என்பது மட்டும் சிறு பிழை, காதல் என்பதில் பிழையில்லை என்றார். நகைக்கடைக்காரர் அழுதார். ஓட்டை எதற்கு, குங்கிலியம் எதற்கு என்று அவனை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதற்கும் அழகாக ஏதாவது சொல்லியிருப்பான். கோட்டையை ஒட்டிய பழைய சுங்கக் கட்டடத்தில் பெட்டியை வைத்துக் கண்ணாடிக் கூண்டு போடுவதென்றும், டீச்சரிடமிருந்து அதை ஊருக்காக வாங்கிக்கொள்வதென்றும் அன்றே முடிவாயிற்று.

அமலோற்பவத்தின் வீட்டு வாசலில் சந்தியாகு வந்து நின்றபோது, அருளாயி உள்ளே கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டியா," என்றாள்.

"கோவமா இருக்கியா, அருளாயி?"

"படகு எங்கன்னு கேக்கத்தானே வந்த?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு செத்தும் கெடவில்லை. "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. நீயும் ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிது. நமக்கும் கௌரவம்தானே."

அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.  அவன் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

 இத்தனை வருஷத்தில் பரங்கித்திட்டில் அமலோற்பவம் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. சாவு வீட்டுக்குப் பாடக் கூப்பிட்டால் போவாள், கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் உட்காரச் சொன்னால் உட்காருவாள். இப்போது முதல்முறையாக, "குடுக்க மாட்டேன். அது உங்களோடது. நாளைக்கு வந்து கேட்டா மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிடுவேன்," என்றாள்.

"குடுத்துரு."

"என்ன சொல்றீங்க?"

"அவன் பலகை, அவன் துடுப்பு. நான் எதுக்கு இன்னமும் வச்சிக்கிட்டு இருக்கணும்?" அருளாயி சட்டியை இறக்கி வைத்தாள். "அவனுக்கு இந்த ஊரு போதும். இந்த ஊருக்கு அவன் போதும். ரெண்டும் ஒண்ணையொண்ணு நக்கிக்கிட்டுக் கெடக்கட்டும். உன் வீட்ல நல்ல மரம் ஏதாச்சும் இருக்கா?"

அமலோற்பவம் யோசித்தாள். பிறகு எழுந்து போய்த் தெருக்கதவைத் தட்டிப் பார்த்தாள். சித்தி காலத்துத் தேக்கு. அந்தக் கதவைத் தட்டித்தான் எல்லோரும் எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிட்டுப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் குழுவினர் பெட்டியை எடுத்துப்போக வந்தபோது கதவு இல்லாத வாசலில் எங்கே தட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். உள்ளே இரண்டு பெண்களும் கதவை நெடுகக் கிடத்தி அறுத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டி நடையிலேயே தயாராக இருந்தது. நன்றி சொல்ல வித்தியாபதி ஒரு சால்வை கொண்டுவந்திருந்தார். அருளாயி அதை வாங்கி மரத்தூள் துடைத்தாள்.

திறப்பு விழாவில் மேளம் இருந்தது, வாழைமரம் இருந்தது, மாவட்டத் தலைநகரிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் இருந்தார். சந்தியாகுவை வாசிக்கச் சொன்னார்கள். அவன் கோல்களைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நாய் விரட்டுகிறவன் மாதிரி கம்பிகளின் மேல் இரண்டு போடு போட்டான். தகரம் உருண்டது போன்ற ஒரு சத்தம் வந்தது. பரங்கித்திட்டு கண்ணீர் மல்கக் கைதட்டியது. பிரிவின் துயரம் அதில் அப்படியே இருந்ததாக அதிகாரி மைக்கில் சொன்னார்.

மாதாகோயில் தெருவில் புதிய பெட்டி முடிவதற்கு மழைக்காலம் வந்துவிட்டது. அருளாயி வேலை வாங்குவதில் இரக்கமே இல்லாதவள், டீச்சரின் பத்து விரலையும் கட்டைவிரல் என்பாள், கண்ணாடியை ஓட்டைச் சட்டி என்பாள், ஆனால் கோணல் விழுந்த பலகையை அவளிடமே கொடுத்து அவளையே மறுபடி இழைக்க வைப்பாள். கம்பி ஏற்றியானதும் கோல்களை அமலோற்பவத்தின் கையில் கொடுத்தாள்.

"அடி."

அமலோற்பவம் அடித்தாள். முதலில் மெதுவாக, பிறகு நன்றாகவே அடித்தாள். கதவு இல்லாத வாசல் வழியாகச் சத்தம் தெருவுக்குப் போயிற்று, தெருவில் போனவர்கள் காது கேளாதவர்கள் மாதிரி நடையை எட்டிப் போட்டார்கள்.

"யாரு மொகத்த நெனச்சு அடிக்கிற? அந்தக் கண்ணு மூடிக் கிழவனா?"

"இல்ல."

"பின்ன?"

"யாரையும் நெனைக்கல," என்றாள் அமலோற்பவம், கையை நிறுத்தாமல். "தோணல."

அருளாயி வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை விட்டுவிட்டாள். அவளுக்கு அப்படி ஒரு வாசிப்பு இருக்கும் என்று தெரியாது; உயிரோடு இருந்தபோதும் தெரியாது, செத்துக் கிடந்த காலமெல்லாம் மண்ணுக்குள் விரல் துடித்துக்கொண்டே இருந்ததால் அப்போதும் தெரியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முடிகிற வரைக்கும் கேட்டாள். முடிந்ததும், "இன்னொருக்கா அடி," என்றாள், அதையும் கேட்டுவிட்டு, "இந்த ஊர்ல இத யாருக்கு அடிக்கப் போற?" என்றாள்.

 அந்த வாரம் அமலோற்பவம் பென்ஷனை வேறு ஊருக்கு மாற்ற எழுதிக்கொடுத்தாள், பாத்திரங்களை அடுத்த வீட்டில் கொடுத்தாள், புதிய பெட்டியைப் பழைய சேலையில் சுற்றினாள். வீட்டைப் பூட்ட வேண்டிய வேலை இருக்கவில்லை.

அவர்கள் பேருந்து நிறுத்தத்தில் நின்றதைச் சுங்கக் கட்டடத்தின் ஜன்னல் வழியாகச் சந்தியாகு பார்த்தான். அவனுக்கு அங்கே கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழ வேண்டும், வருகிறவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்ல வேண்டும். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் வித்தியாபதி. "வேன்ல ஆளு வந்து இறங்குறாங்க."

"நான் போகணும் சார். அவ போறா."

"நீங்க எப்படிப் போக முடியும்? அரசாணையில உங்க பேரு ஏறிடுச்சு. நீங்க இப்ப ஊர் சொத்து."

வித்தியாபதி அவன் தோளில் கைவைத்து உட்கார வைத்தார், அன்பாகத்தான் உட்கார வைத்தார், கூட வந்த நகைக்கடைக்காரரும் பல் டாக்டரும் அதே அன்போடு வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்கள். எந்தக் கரையிலும் காலூன்றி நின்றறியாதவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். வெளியே பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகும் அவன் அங்கேதான் இருக்கிறான். செத்தவனுக்கு ஓய்வு வயது என்று ஒன்று கிடையாது என்பதால் குழு அவனை விடுவதாக இல்லை. கதை மட்டும் சொல்லச் சொல்ல வளர்ந்தது. அதில் வரும் மனைவி நாளுக்கு நாள் அழகாகவும் பொறுமையாகவும் வாய்பேசாதவளாகவும் ஆகிக்கொண்டே போனாள், பரங்கித்திட்டுக்கு அவளை அப்படித்தான் பிடித்திருந்தது. இரண்டு பெண்களும் எங்கே போனார்கள் என்று யாரும் விசாரிக்கவில்லை. கடலூரில் ஒரு மண்டபத்தில் யாரோ இரண்டு பெண்கள் கம்பிப் பெட்டி வாசித்ததாகவும், கூட்டம் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்ததாகவும் பல் டாக்டரின் மருமகள் ஒருநாள் சொன்னபோது, அது வேறு யாராவது இருக்கும் என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

ஒரு நாள் சுற்றுலா வந்த பெண்ணொருத்தி கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்புறம் அந்தம்மா என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

"எனக்காகக் காத்துக்கிட்டுதான் இருக்கா," என்றான் சந்தியாகு, வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல்.